பிள்ளை பிடிக்கப் போன ஜூன் மாதங்கள்

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. ஒவ்வொரு ஜூன் தொடக்கத்திலும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, தன் பள்ளிக்குப் பிள்ளை சேர்க்க வீடு வீடாகப் போவாள்.
2. நானும் அந்தப் பள்ளியில்தான் படித்தேன். அதைக் காட்டத்தான் என்னைக் கூட்டிப் போனாள்.
3. மூன்றாம் வகுப்பு முடிந்ததும் என்னை ஓர் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார்கள்.
4. அதற்கு அடுத்த ஜூனிலும் அம்மா என்னைக் கூட்டிப் போனாள். பழைய பள்ளியின் நீலப் பாவாடையைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.
5. கஸ்தூரி அக்கா வீட்டு வாசலில் அந்தப் பாவாடை போதவில்லை.
6. ஜெயசீலி டீச்சர் மாற்றலாகிப் போனார்.

நான் இப்போது செய்வது மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் வேலை. பலகை ஒன்று செத்துப் போய் வந்தால், எது முதலில் போயிற்று, அதனால் எது போயிற்று என்று வரிசையாக எழுதிக்கொண்டுதான் தொடுவேன். மேலே இருப்பதையும் அப்படித்தான் எழுதினேன். வரிசை சரி. எதனால் எது என்பதில்தான் இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெளிவில்லை.

ஊக்கு குத்திய பாவாடை

ஒரு வருடத்தில் இடுப்பு பெருத்திருந்தது. பாவாடையின் கொக்கி எட்டவில்லை. அம்மா தன் தாலிச் சரட்டிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டாள். நடக்கும்போது அது வயிற்றில் உறுத்தியது. மூச்சை இழுத்துப் பிடித்தால் உறுத்தவில்லை. அதனால் அன்று தெரு முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்தபடியே நடந்தேன்.

கஸ்தூரி அக்கா வீடு தெருக்கோடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தது. மூன்று எருமைகள். பிண்ணாக்கு ஊறிய தொட்டி. ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தான் பால் ஊற்றினார். ஒரு வீட்டுப் பேச்சு பாலோடு சேர்ந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கஸ்தூரி அக்கா பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுகிறாரோ அங்கேதான் அந்தத் தெருவே போடும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவருடைய கடைசிப் பையன் சேகருக்கு அந்த வருடம் ஐந்து வயது.

பால் கேனை உமிச்சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“வா டீச்சர். புள்ள புடிக்க வந்துட்டியா?”

எல்லோரும் அப்படித்தான் கேலி செய்வார்கள். அம்மாவும் சிரித்துக்கொள்வாள்.

“உன் சேகர் கை காதைத் தொட்டுடுச்சான்னு பாக்க வந்தேன், கஸ்தூரி.”

“காதா? நேத்து எருமை காதப் புடிச்சி ஏரிலேர்ந்து இஸ்துகினு வந்தான். உன் இஸ்கூல் காது பத்துமா அவனுக்கு?”

அம்மா சிரித்தாள். முந்தைய வருடங்களில் இந்த இடத்தில் ஒரு வாக்கியம் வரும்: “என் பொண்ணும் அங்கதான் படிக்குது. கெட்ட ஸ்கூலா இருந்தா நான் போடுவனா?” அன்று அதைச் சொல்லவில்லை. என் தோளில் கைவைத்து, என்னைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

கஸ்தூரி அக்கா கேனைக் கவிழ்த்து வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். என் பாவாடையைப் பார்த்தார்.

அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன் பள்ளியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

காதைத் தொடும் கை

மேடவாக்கத்திலிருந்து உள்ளே வரும் சாலையில் அம்மாவின் பள்ளி. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஓடு போட்ட இரண்டு அறைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். அம்மா தலைமை ஆசிரியை. ஒன்று, இரண்டாம் வகுப்புகளை ஜெயசீலி டீச்சர் பார்த்துக்கொண்டார். கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து போவார். வீட்டில் இளைப்பு நோயுள்ள மாமியாரும் சின்னப் பையனும் இருந்தார்கள். அந்த ஒரே பஸ் என்பது அவருக்குப் பெரிய விஷயம்.

இத்தனை பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று ஒரு கணக்கு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து தலைகளை எண்ணுவார். குறைந்தால் இரண்டாவது இடம் போய்விடும். ஜெயசீலி டீச்சரை எங்கே காலியோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஜூன் மாத வெயிலில் அம்மா நடந்ததெல்லாம் இதற்காகத்தான். எனக்கு ஆறு வயதிலேயே இது தெரியும். பிள்ளை சேரவில்லை என்றால் ஜெயசீலி டீச்சர் போய்விடுவார்.

பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இருக்காது. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். நிறையப் பேர் சேர்ந்த வருடங்களில் அம்மா இதில் கறாராக இருந்தாளாம். ஆள் குறைய ஆரம்பித்த பிறகு காது மேலே ஏறி வந்தது.

ஒருமுறை ஒரு குட்டிப் பெண் தலையைச் சாய்த்து, தோளைத் தூக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு முயன்றது நினைவிருக்கிறது.

“தொட்டுட்டா, எழுதிக்குங்க” என்றாள் அம்மா.

“டீச்சர், அவ தொட்டது காதுக்கு மேல சொருகின பூவை” என்றார் ஜெயசீலி டீச்சர்.

“பூ எங்க இருக்கு? காதுலதான? எழுதுங்க.”

பிறந்த தேதியும் அங்கேயே தயாராகும். “மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று அம்மா கேட்பாள். “நாத்து நட்டப்போ” என்பார்கள். எப்படிச் சொன்னாலும் ஜூன் மாதத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரே வாரத்தில் பிறந்தநாள். அவர்களில் சிலர் இன்றும் அந்தத் தேதியை வைத்துத்தான் ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வாங்கியிருக்கிறார்கள்.

பாயில் உட்கார்ந்தவர்கள்

என் மூன்றாம் வகுப்பில் யார் யார் இருந்தோம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஊர்த்தெருப் பிள்ளைகள், அப்பாக்களுக்கு நிலம் இருந்தது. காலனிப் பிள்ளைகள், அப்பாக்கள் அந்த நிலத்தில் வேலை செய்தார்கள். சர்ச் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர். கூட்டுரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் வீட்டிலிருந்து அக்காவும் தங்கையும். பல்லாவரம் பக்கம் கல் உடைக்க வந்தவர்களின் பிள்ளைகள். இவர்கள் வீட்டில் தெலுங்கு பேசினார்கள். வேலை இருக்கும்வரை வருவார்கள். இல்லையென்றால் ஒரு திங்கட்கிழமை மொத்தமாகக் காணாமல் போவார்கள்.

எல்லோருக்கும் ஒரே கோரைப் பாய். உயர வரிசையில்தான் உட்கார வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். யார் பக்கத்தில் யார் என்பதை உயரம்தான் தீர்மானித்தது. வீட்டில் அப்படி இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். மத்தியானம் சத்துணவு வரும்போது ஊர்த்தெருப் பிள்ளைகள் சிலர் சாப்பிட வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். எதற்கு என்று அப்போது கேட்டதில்லை.

பள்ளியில் அம்மாவை நான் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் மறந்துபோய் “அம்மா” என்றேன். வகுப்பே திரும்பி அம்மாவைப் பார்த்து “அம்மா” என்றது. அன்று முழுக்க அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு வயல்களில் வர்ணம் பூசிய கற்கள் முளைத்தன. கோவிலம்பாக்கம் பக்கம் ஆரம்பித்து எங்கள் ஊர்வரை மனைகள். புதிதாக வீடு கட்டி வந்தவர்கள் பிள்ளைகளை நேராக இங்கிலீஷ் பள்ளியில் போட்டார்கள். அம்மா அந்த வீடுகளுக்கும் போனாள். கேட்டுக்கு உள்ளேயிருந்தே “ஸாரி மேடம்” என்று சொல்லிவிடுவார்கள். நிலம் விற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஊர்க்காரர்கள் உடனே போய்விடவில்லை. டீச்சர் பெண்ணே இங்கேதானே படிக்கிறாள் என்று இருந்தார்கள். அப்படித்தான் அம்மா நம்பினாள்.

தூண்டில் புழு

அப்பா தாம்பரத்தில் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். மூன்றாம் வகுப்பு விடுமுறையில் ஒருநாள் ரயில் அட்டவணையை என்னிடம் கொடுத்து, இங்கிலீஷில் இருந்த ஒரு வரியைப் படிக்கச் சொன்னார். நான் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அட்டவணையை வாங்கி மடித்து வைத்துவிட்டார்.

அன்று மாலை சமையலறையில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

“நாலாவதுலேர்ந்து அவ இங்கிலீஷ் ஸ்கூல் போகட்டும்.”

“நானே என் பொண்ண எடுத்துட்டா, ஊர்ல யாருங்க போடுவாங்க?”

“ஊர் புள்ளைங்களப் பிடிக்கறதுக்கு எம் பொண்ணு என்ன தூண்டில் புழுவா?”

 அதற்குப் பிறகு அம்மா ரசத்துக்குத் தாளிக்கும் சத்தம் கேட்டது. மறுவாரம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தது அம்மாதான்.

புதுப் பள்ளி தாம்பரம் போகும் சாலையில் இருந்தது. சிவப்பு டை, கறுப்பு ஷூ, காலையில் மெட்டடோர் வேன். நான் அழவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். எனக்கு அந்த டை பிடித்திருந்தது. வேன் ஜன்னலிலிருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் கையாட்டுவேன்.

அந்த ஜூனில் அம்மாவும் ஜெயசீலி டீச்சரும் மட்டும் வீடு வீடாகப் போனார்கள். முதல் வகுப்பில் ஒரு பாய் விரித்தால் போதும் என்ற அளவுக்குத்தான் சேர்ந்தார்கள். அதிகாரி எண்ணிப் பார்த்துவிட்டு, “அடுத்த வருஷம் இப்படி இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால்தான் அடுத்த ஜூனில் அம்மா பரண்மேல் இருந்த நீலப் பாவாடையைத் தேடி எடுத்தாள். “சும்மா என்கூட வா, போதும். நீ ஒண்ணும் பேச வேணாம்” என்றாள்.

மறுபடியும் அந்த வாசல்

கஸ்தூரி அக்கா என் பாவாடையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, டைக்கு இன்னிக்கு லீவா?”

நான் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டுவிட்டேன். ஊக்கு குத்தியது.

“தெனம் நான் பால் ஊத்திகினு வர சொல்ல, பாப்பா வேன்ல ஏறுது. எனக்கு டாட்டா வேற காட்டுது. எனக்கு இன்னா டீச்சர், கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?”

அம்மாவின் கை என் தோளிலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. “கஸ்தூரி…” என்று மட்டும் சொன்னாள்.

“அய்ய, நான் கோவமா சொல்ல டீச்சர். மொகத்த ஏன் அப்டி வச்சிக்கினு கீற? உக்காரு, மோர் குடி.” அவர் குரல் நிஜமாகவே தணிந்துவிட்டது. “பெரியவனப் போட்டேன், அவன் அக்காவப் போட்டேன். எல்லாம் உன்ன நம்பித்தான? இப்பவும் உன்னத்தான் நம்பறேன். நீ எங்க போட்டியோ அதான் நல்ல இஸ்கூலு.”

உள்ளே போய், நான்காக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்தார். என் புதுப் பள்ளியின் விண்ணப்பம். நாங்கள் போவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தார்.

“எல்லாம் இங்கிலீஷ்ல கீது. யாராண்ட போறது? நீ வருவேன்னுதான் வச்சிக்கினு இருந்தேன். எழுதிக் குடு டீச்சர்.”

“கஸ்தூரி, அங்க மாசாமாசம் கட்டணும். உன்னால…”

“மூணு எருமை கீது இல்ல?”

அம்மா அந்தத் தாளை வாங்கிப் பிரித்தாள். மறுக்க அவளுக்கு ஒரு வழி இருந்திருக்கலாம். ஆனால் நான் அந்தப் பாவாடையோடு பக்கத்தில் நின்றேன். பிறகு கைப்பையைத் திறந்தாள். தன் பள்ளிக்குச் சேரும் பிள்ளைகளின் பெயரை எழுத வைத்திருந்த பேனாவை எடுத்து, எருமைத் தொட்டியின் விளிம்பில் தாளை வைத்து, சேகரின் பெயரை இங்கிலீஷில் எழுதினாள். பிறந்த தேதிக்கு வந்ததும், “மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டாள்.

திரும்பி வரும் வழியில் வேறு எந்த வீட்டுக்கும் நாங்கள் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்

விஷயம் பாலோடு சேர்ந்து தெருவுக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் மூன்று பேர், கையில் அதே தாள். ஊரில் இங்கிலீஷில் எழுதத் தெரிந்து, கேட்டவுடன் செய்துகொடுக்கக்கூடிய ஆள் அம்மாதான். அவள் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. சைக்கிள் கடைக்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார். “தப்பா நெனைக்காதீங்க டீச்சர்” என்றார். “இதுல என்னங்க பாய் தப்பு” என்று சொல்லிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றினாள் அம்மா.

காலனியிலிருந்து யாரும் வரவில்லை. அவர்களிடம் எருமை இல்லை.

அந்த ஞாயிறுகளில் ஒன்றில் ஜெயசீலி டீச்சர் வந்தார். ஏதோ சத்துணவுக் கணக்கு கேட்க வந்தவர், வாசலில் நின்றவர்களைத் தாண்டி உள்ளே வந்து, மேசையைப் பார்த்தார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

ஜெயசீலி டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு எனக்குக் குடுங்க டீச்சர். சீக்கிரம் முடியட்டும். உங்க இங்கிலீஷ் எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கு, அவங்க சேத்துக்க மாட்டாங்க.”

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். நான் மை ஒற்றும் தாளை எடுத்துக் கொடுத்தேன். ஜெயசீலி டீச்சர் எழுதிய ஒவ்வொரு பெயரும் அவர் வகுப்பில் உட்கார வேண்டிய பிள்ளையின் பெயர்.  அப்பா மூன்று டம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜெயசீலி டீச்சருடைய பையனும் தாம்பரத்தில் இங்கிலீஷ் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் வெளியூர் என்பதால் அந்த டையை எங்கள் ஊரில் யாரும் பார்க்கவில்லை. அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியுமாம்.

அதிகாரி வந்தார். எண்ணினார். ஜெயசீலி டீச்சருக்குக் கோவளத்தையும் தாண்டி ஒரு கடற்கரைக் கிராமத்தில் இடம் போட்டார்கள். மூன்று பஸ். கடைசி நாளன்று அவர் தன் வகுப்புக் கோரைப் பாயைச் சுருட்டி, அம்மாவின் அறையில் கொண்டுவந்து சாய்த்து வைத்தார்.

“நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க. பெத்தவங்க பண்றதத்தான் பண்ணீங்க” என்றார்.

அம்மா அவரோடு பஸ் நிறுத்தம்வரை போனாள். பஸ் வரும்வரை இருவரும் மாமியாரின் இளைப்புக்கு என்ன கஷாயம் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா சொன்னது

என்னை அந்தப் பள்ளியிலிருந்து எடுக்காமல் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும் என்று அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மனைக்கற்கள் முன்பே வந்துவிட்டன. வேன் முன்பே வந்துவிட்டது. கஸ்தூரி அக்காவிடம் எருமைகள் முன்பே இருந்தன. விண்ணப்பம்கூட நாங்கள் போவதற்கு முன்பே வாங்கியாகிவிட்டது. ஒரு பலகையில் இத்தனை இடத்தில் மின்சாரம் கசிந்தால், ஒரு சின்னக் கம்பியைக் குற்றம் சொல்ல மாட்டோம்.

அம்மா கேட்டுக்கொள்வாள். “ஒரு ரெண்டு வருஷமாச்சும் தள்ளிப் போயிருக்கும்” என்பாள். அந்த இரண்டு வருடத்துக்குள் ஜெயசீலி டீச்சரின் மாமியார் இறந்துவிட்டார். அவர் காலமான நாளில் டீச்சர் மூன்றாவது பஸ்ஸுக்காகக் கோவளத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நான் பத்திரிகையில் எழுதும் இந்தத் தொடரை அம்மா வாராவாரம் படிக்கிறாள். போன வாரம் ஏரி உடைந்த மழையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்து முடித்துவிட்டு, “அடுத்தது பள்ளிக்கூடமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“எழுது. ஆனா எழுதறதுன்னா பாவாடையையும் சேத்து எழுது.”

இப்போது

சேகர் அந்தப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தான். எருமைகள் ஒவ்வொன்றாக விற்றுப் போனபின் அம்மாவின் பள்ளிக்குத் திரும்பி வந்தான். ஐந்தாவதோடு நின்றுவிட்டான். இப்போது மணல் லாரி ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் ஜன்னலிலிருந்து கையாட்டுவான்.

ஜெயசீலி டீச்சர் கடற்கரைப் பள்ளியிலேயே தலைமை ஆசிரியையாகிவிட்டார். கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புவார்.

அம்மாவின் பள்ளி இருக்கிறது. ஓர் அறை பூட்டியிருக்கிறது. தேர்தல் வந்தால் திறப்பார்கள். ஐந்து வகுப்புக்கும் அம்மா ஒருத்திதான். ஊர்த்தெருவிலிருந்து யாரும் இல்லை. காலனிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல் உடைக்க வந்தவர்களுக்குப் பதில், அடுக்குமாடி கட்ட வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். உயர வரிசையில்தான் உட்காருகிறார்கள். வரிசை நீளமாக இல்லை.

அம்மா ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவளுக்குப் பிறகு யாரைப் போடுவார்கள், போடுவார்களா என்று தெரியாது. இந்த ஜூனில் முதல் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வந்தாள்.